பக்கவிளைவில்லாத மருந்து!

காப்பார்ப் பட்டணத்துக் கடைத்தெருவிலே சென்ற மாதம் ஓர் அன்பர் நமது கையில் துண்டுப் பிரசுரம் ஒன்றைத் திணித்துவிட்டுப் போனார். வழவழப்பான தாளிலே பல வர்ணங்களில் அச்சிடப்பட்ட அப்பிரசுரம், வாயிலும் மார்பிலும் கருப்பையிலும் குடலிலும் தோன்றும் புற்றுநோய் யாவற்றையும் 90 நாட்களில் வேரோடு களையவல்லதாக ஒரு மூலிகைத் தூளைப் புகழ்கின்றது. ஒரு டப்பா 180 வெள்ளி. மூன்று டப்பாவாக வாங்குவோருக்கு 500 வெள்ளி. அடியிலே தடித்த எழுத்தில், "பக்கவிளைவு அறவே இல்லை" என்றொரு வாசகம். அதன் கீழே ஒரு கைபேசி எண். மருந்தைச் செய்தவர் யார், இதுகாறும் அதனை உண்டவர் எத்தனை பேர், அவர்களுள் இன்று உயிரோடிருப்பவர் எத்தனை பேர் என்னும் விவரங்களுக்கு மட்டும் அத்தாளிலே இடமில்லாமற் போயிற்று. ஓரத்தில் பூவும் கொடியும் போட இடமிருந்தது.

புற்றுநோயைத் தீர்ப்பதாகப் பொதுஜனங்களுக்கு விளம்பரம் செய்யலாகாது என்று இந்நாட்டில் 1956ஆம் ஆண்டிலேயே மருந்து விளம்பர விற்பனைச் சட்டம் செய்து வைத்திருக்கிறார்கள். சட்டம் ஏட்டில் இருக்கிறது. பிரசுரம் நம் ஜனங்களின் கையில் இருக்கிறது.

இதனைக் கசக்கி எறிந்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்த்திருப்போம். அங்ஙனம் செய்ய மனம் வராமைக்குக் காரணம் ஒன்றுண்டு. காப்பாரை அடுத்த தோட்டமொன்றில் இளமை முதல் பால்வெட்டிப் பிழைத்து, அத்தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்களும் இடிக்கப்பட்ட பின்னர், மகனுடைய தாமான் வீட்டில் குடியிருந்து வரும் அம்மையார் ஒருவரை நாம் அறிவோம். கன்னத்தின் உட்புறத்தில் அவருக்கு ஒரு வெண்படை தோன்றி, பின்னர் அது ஆறாப் புண்ணாயிற்று. பல் வைத்தியர் பார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, அங்கே சதையைக் கிள்ளியெடுத்துப் பரிசோதித்துப் புற்று என்றனர். சிறிய புண், பிடித்த இடமும் கைக்கெட்டிய இடம். அறுவைக்கு நாளும் குறித்தாயிற்று. அந்த நாள் வருவதற்குள் வீட்டுக்கு வந்து போனவர்களெல்லாம் வைத்தியராகிவிட்டனர். "கத்தி பட்டால் பரவும்" என்றார் ஒருவர். "கரண்டு வைத்தால் ஆள் தேறுவதில்லை, எங்கள் சின்னம்மா அப்படித்தான் போனார்" என்றார் மற்றொருவர். மூன்றாமவர் இதே பிரசுரத்தை, அல்லது இதனுடைய தம்பியை, மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அம்மையார் ஏழு மாதம் தூளை உண்டார். பக்கவிளைவு ஏதும் உண்டாகவில்லை என்பது மெய். ஏழாம் மாத முடிவில் கழுத்திலே நெல்லிக்காய்ப் பருமனில் ஒரு கட்டி உண்டாயிற்று. அது மருந்தின் பக்கவிளைவன்று, நோயின் நேர்விளைவு.

ஆகவே, பக்கவிளைவு என்னும் சொல்லைப் பற்றியே நாம் ஈண்டு பேசப் புகுகின்றோம்.

உடம்பினுள்ளே புகுந்து ஒரு காரியத்தைச் செய்யவல்ல பொருள், நாம் விரும்பாத மற்றொரு காரியத்தையும் செய்யவல்லதாகவே இருக்கும். விளக்கெண்ணெய் வயிற்றைக் கழுவுகிறது. அளவு மிஞ்சினால் ஆளையும் கிடத்துகிறது. இதனை நம் பாட்டிமார் அறிவார்கள். பெருகி வளரும் அணுக்களைக் கொல்லும் மருந்து, புற்றணுவையும் கொல்லும். வாயின் மென்தோலும் மயிர்க்காலும் இரத்த ஊற்றும் அவ்வாறே விரைந்து பெருகுவனவாதலின் அவற்றையும் தாக்கும். வாய் புண்ணாவதும் மயிர் உதிர்வதும் வெள்ளணு குறைவதும் இதனாலேதான். இவற்றை டாக்டர்கள் மறைக்கவில்லை. எத்தனை பேருக்கு எந்தத் தொல்லை, எவ்வளவு கடுமையாக, எத்தனை நாள் என்று எண்ணி எழுதி அச்சிடுகிறார்கள். அந்தப் பட்டியலைக் கண்டு அஞ்சுகிற நம்மவர், பட்டியலே இல்லாத தூளைக் கண்டு மகிழ்கிறார்கள். கடன் கணக்கை எழுதி வைக்கும் கடைக்காரனை மோசக்காரன் என்றும், ஏடே வைத்திராதவனை யோக்கியன் என்றும் எண்ணுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை என்று கேட்கின்றோம்.

எண்ணிப் பார்த்தவர்களும் இல்லாமலில்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. மார்பு, நுரையீரல், குடல், ஆண்மைச் சுரப்பி ஆகிய இடங்களில், வேறிடத்துக்குப் பரவாத நிலையிலிருந்த புற்றுநோய்க்கு, ஆஸ்பத்திரி வைத்தியத்தை விலக்கி மாற்று வைத்தியத்தை மட்டும் மேற்கொண்ட 281 பேரை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அதே நோயும் அதே நிலையும் உடைய, ஆனால் முறையான சிகிச்சை பெற்ற வேறு சிலருடன் அவர்களை ஒப்பிட்டனர். மாற்று வைத்தியத்தாருக்கு மரண அபாயம் இரண்டரை மடங்கு. மார்புப் புற்றில் மட்டும் ஐந்து மடங்குக்கும் மேல். பக்கவிளைவு அறவே இல்லை என்னும் வாசகத்தின் உண்மை விலை 180 வெள்ளியன்று. இதுவே அதன் விலை.

"இவையெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு, நமக்கெதற்கு?" என்பார் சிலர். அவர்கள் கோலாலம்பூரின் பழங்கதை ஒன்றைக் கேட்க வேண்டும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மலாயா மண்ணில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானவர்களைத் தின்றது. கால் வீங்கி, நரம்பு செத்து, நெஞ்சு அடைத்து மாண்டார்கள். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனரிடையே அந்நோய் தாண்டவமாடிற்று; தோட்டங்களிலிருந்த தமிழரை அது பெரும்பாலும் தீண்டவில்லை. ஏன்? காற்று என்றனர் சிலர், கிருமி என்றனர் சிலர். தமிழன் புழுங்கலரிசிச் சோறு உண்பவன், சீனத் தொழிலாளி தீட்டிய பச்சரிசிச் சோறு உண்பவன் என்னும் வேற்றுமை, நெகிரி செம்பிலானில் இருந்த டாக்டர் பிராடன் போன்றோர் கண்ணில் பட்டது. ஆயினும் கண்ணில் படுவது வேறு, நிலைநாட்டுவது வேறு. 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் அங்கிருந்தோர் யாவரையும் வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றை எண்ணுக்கு ஒரு விடுதி, பழைய பச்சரிசி; இரட்டை எண்ணுக்கு எதிர் விடுதி, புழுங்கலரிசி. கறியும் மீனும் இருவருக்கும் ஒன்றே. ஏறக்குறைய ஓராண்டு கழிந்தபோது பச்சரிசி உண்டவர்களுள் 18 பேர் பெரிபெரியால் மாண்டிருந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களுள் ஒருவரும் அதனால் மாளவில்லை. 1907இல் இலண்டன் வைத்தியப் பத்திரிகையில் இது வெளியாயிற்று. நெல்லை அவித்துக் குத்தும்போது உமிக்கடுத்த சத்து அரிசியினுள்ளே இறங்கித் தங்குகிறது என்பது பின்னாளில் விளங்கிற்று.

நம் அடுப்பங்கரைப் புழுங்கலரிசி உயிர் காக்கும் பொருள் என்று உலகுக்குக் காட்டியது புகழ்ச்சியன்று, பாட்டன் சொன்னான் என்னும் சாட்சியமுமன்று. ஒற்றை எண், இரட்டை எண், யார் பிழைத்தார், யார் மாண்டார் என்னும் கணக்கே காட்டியது. மூலிகைத் தூள் வியாபாரி தன் தூளைப் புழுங்கலரிசிக்கு ஒப்பான தமிழர் சொத்து என்பானாயின், அந்த அரிசி தேறிய பரீட்சையில் அவனும் தூளை உட்கார வைக்கட்டும். நாம் தடுக்கவில்லை.

இக்கதையில் நமக்கு உறுத்தும் ஒன்றும் இருக்கிறது, அதனையும் மறைப்பதற்கில்லை. வரிசையில் நின்ற அம்மனிதர்களை எவரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விளங்கிக்கொண்டு விடை கூறத்தக்க நிலையில் பலர் இருந்திரார். இதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் நம் வாய். வெற்றிலை பாக்கு சுண்ணாம்பு புகையிலை என்னும் நான்கையும் நாம் கப்பலில் கட்டிக்கொண்டு வந்தோம். விடியற்காலைப் பெரட்டுக்கு நிற்கும் போது பசியை அடக்க வெற்றிலை. மரத்தடியில் களைப்பை மறக்க வெற்றிலை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வெற்றிலை. ஆண்களின் கள்ளைக் கண்டித்துப் பேசாத மேடையில்லை. பெண்களின் புகையிலையைப் பற்றிப் பேசிய மேடையை நாம் அதிகம் கண்டதில்லை. இந்நாட்டில் வாய்ப்புற்று ஏனைய இனத்தாரைவிட இந்தியரிடத்தே, அதிலும் இந்தியப் பெண்களிடத்தே, மிகுந்திருப்பதைக் கோலாலம்பூர் வைத்திய ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய டாக்டர் இராமநாதன் முதலானோர் 1970களிலேயே எழுதினர். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985இல் தீர்ப்பளித்தது. புகையிலை சேராவிடினும் பாக்கே போதும் என 2004இல் வெளிவந்த நூலில் உறுதி செய்தது. 1997 முதல் சுகாதார அமைச்சின் பல் வைத்தியப் பிரிவினர் தோட்டங்களுக்கே சென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து வருகின்றனர். அவர்கள் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு என்பதைக் கேட்க வெட்கமாயிருக்கிறது.

அந்த விளக்கொளிப் பார்வை வீண் வேலையன்று. திருவனந்தபுரம் வட்டாரத்தில் 1996 முதல் 2004 வரை, சில பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தனர்; வேறு சில பஞ்சாயத்துகளில் வழக்கம் போல் விட்டனர். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, பார்க்கப்பட்ட பக்கத்தில் வாய்ப்புற்று மரணம் நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது. கையிலிருந்த கருவி டார்ச்சு விளக்கு.

இனி, சின்னம்மா கதைக்கு வருவோம். கத்தியும் கரண்டும் மருந்தும் செய்வதென்ன? இதனைத் திட்டமாக அறிய நாம் இலண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போக வேண்டுவதில்லை. வாய்ப்புற்றைப் பற்றிய தலைசிறந்த பரீட்சைகள் பல, அந்நோயால் நம்மைப் போலவே வருந்தும் இந்தியாவிலேயே நடந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை முப்பதாண்டு நெஞ்சில் சுமந்து, 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் முற்றிய வாய்ப்புற்றுக்குக் கதிரும் மருந்தும் ஒருங்கே கொடுத்தால், கதிர் மட்டும் கொடுப்பதினும் நன்மை மிகுமா எனப் பரீட்சித்து, மிகும் எனக் கண்டனர். பிற்காலத்தில் உலகெங்கும் நடந்த 93 பரீட்சைகளையும் அவற்றிலிருந்த 17,346 தலை கழுத்துப் புற்று நோயாளரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, இரண்டும் ஒருங்கே பெற்றவர்களுள் ஐந்தாண்டு முடிவில் பிழைத்திருந்தோர் நூற்றுக்கு 6.5 பேர் அதிகம் எனத் தெரிந்தது. ஆறரை என்றால் சிறியதாகத் தோன்றும். நூறு வீடுள்ள தாமானில் அது ஆறேழு வீட்டின் தாயோ தகப்பனோ ஆகும்.

பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில் மற்றொரு கேள்வி எழுந்தது. வாயிலுள்ள சிறு புற்றை அறுக்கும்போதே, கட்டி தோன்றாத கழுத்திலும் நெறிகளை எடுத்துவிடுவதா? அல்லது கழுத்தில் கட்டி தலைகாட்டும் வரை காத்திருப்பதா? முன்னதில் வடு பெரிது, தோள் வலியும் வரலாம். பின்னதில் காலம் கடந்துவிடலாம். பெரும்புலமை வாய்ந்த அறுவை வைத்தியர்களே இதில் இரு கட்சியாக நின்றனர். 2015இல் வெளியான கணக்கின்படி 500 பேரில், உடனே எடுத்த பகுதியினருள் மூன்றாண்டு பிழைத்தோர் நூற்றுக்கு 80. காத்திருந்த பகுதியினருள் 67.5. அறுவையால் வந்த தொல்லை முன்னவர்க்கு நூற்றுக்கு 6.6, பின்னவர்க்கு 3.6. இலாபமும் நஷ்டமும் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்த வரியில் அச்சாகியிருப்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். நமது காப்பார் அம்மையாரின் கழுத்துக் கட்டியை நினைத்துக்கொண்டு அவ்விரு வரிகளையும் நாம் பலமுறை படித்தோம்.

அதே ஆஸ்பத்திரியார் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தைப் பற்றியும் கேட்டனர். கதிரோடு சேர்த்துத் தரும் அம்மருந்து குமட்டலும் காதிரைச்சலும் சிறுநீரகச் சிதைவும் தரவல்லது. மூன்று வாரத்துக்கொருமுறை பேரளவு தருவதைவிட, வாரந்தோறும் சிற்றளவு தந்தால் தொல்லை குறையுமன்றோ? 300 நோயாளரிடம் பார்த்தனர். தொல்லை குறையத்தான் செய்தது. கடுந்தொல்லை கண்டவர் வாரமுறையில் நூற்றுக்கு 71.6, மூவார முறையில் 84.6. ஆனால் ஈராண்டு முடிவில் நோய் தலையெடுக்காதிருந்தோர் வாரமுறையில் 58.5, மூவார முறையில் 73.1. பக்கவிளைவைக் குறைக்கப் போய்ப் பலனும் குறைந்தது. 2018இல் இதனை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். கதை அதனோடு முடியவில்லை. ஜப்பானியர் வாரந்தோறும் சற்று மிகுந்த அளவு கொடுத்து, அறுவைக்குப் பிந்திய நோயாளரிடம் பார்த்து, பலன் குறையவில்லை, வெள்ளணுக் குறைவும் தொற்றும் குறைந்தன என 2022இல் எழுதினர். தன் முடிவைத் தானே திருத்திக்கொள்ளும் இந்த நேர்மையை எந்தத் தூள் டப்பாவின் மேலாவது எவரேனும் கண்டதுண்டா?

சின்னம்மா ‘கரண்டு’ வைத்ததனால் மாண்டாரா, ‘கரண்டு’ வைக்க நேர்ந்த நோயினால் மாண்டாரா, எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று அவ்வீட்டார் எவருக்கும் தெரியாது. 2007 முதல் 2011 வரை நோய் கண்ட மார்புப் புற்று நோயாளரை 2016 வரை பின்தொடர்ந்து நமது சுகாதார அமைச்சு வெளியிட்ட கணக்கில், முதல் நிலையில் வந்தோருள் ஐந்தாண்டு பிழைத்தோர் நூற்றுக்கு 87.5, நான்காம் நிலையில் வந்தோருள் 23.3. ஆஸ்பத்திரியும் மருந்தும் ஒன்றே. வந்த நாள்தான் வேறு. நான்காம் நிலைச் சாவுகளைக் காட்டி முதல் நிலை நோயாளியைப் பயமுறுத்தி, அவரையும் நான்காம் நிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இந்தத் திண்ணைப் பேச்சைவிடக் கொடிய பக்கவிளைவு எம்மருந்துக்கும் இல்லையென்போம்.

இது நிற்க. இதுவரை படித்தவர்கள், இவர்கள் டாக்டர்களுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள் என்று முடிவு செய்திருக்கலாம். அவ்வளவு அவசரம் வேண்டாம்.

டார்ச்சு விளக்கால் உயிர்களைக் காத்ததாக மேலே சொன்னோமே, அந்தத் திருவனந்தபுரம் பரீட்சையில் பங்கு கொண்ட வட்டாரப் புற்றுநோய் நிலையத்திலேயே, 1999, 2000ஆம் ஆண்டுகளில் மற்றொன்றும் நடந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவர் கண்ட புதுப்பொருளை, வாய்ப்புற்று நோயாளர் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோரின் கட்டிகளில் ஊசியால் ஏற்றினார்கள். விலங்குகளிடத்தே போதிய முன்சோதனை இல்லை. நோயாளருக்கு அபாயம் உரியவாறு விளக்கப்படவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவினிடம் உத்தரவும் பெறப்படவில்லை. உள்ளேயிருந்த டாக்டர் ஒருவரே வெளிப்படுத்தினார். 2001இல் பல்கலைக்கழகம் விசாரித்துத் தவற்றை ஒப்புக்கொண்டு, அந்த ஆராய்ச்சியாளர் இனி மனிதரிடத்துப் பரீட்சைக்குத் தலைமை தாங்கலாகாதென விலக்கியது. கோலாலம்பூர் மனநோயாளரைச் சம்மதம் கேளாது வரிசையில் நிறுத்தி ஏறக்குறைய நூறாண்டு கழிந்த பின்னரும் இது நடந்தது. ஏழையும் எழுதப் படிக்கத் தெரியாதவனும் மலிவான வாய் என்று கருதும் மனம் வெள்ளை அங்கிக்குள்ளும் இருக்கவல்லது. அதனை நாம் மறப்பதற்கில்லை.

ஆயினும் அது வெளியானதெப்படி என்பதை எண்ணிப் பாருங்கள். ஏடு இருந்தது, ஏட்டைக் கேட்கும் விதி இருந்தது, விதியைக் காட்டிக் கூச்சலிட ஓர் ஆள் இருந்தார். தூள் வியாபாரியிடத்தே இம்மூன்றில் எதுவுமில்லை. அங்கே பரீட்சை நாள்தோறும் நடக்கிறது, காசு கொடுத்து நாமே அதற்கு உட்படுகின்றோம், முடிவை எவரும் எழுதுவதில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்கிழக்காசிய நாடுகள் எட்டில், மலேசியாவும் உட்பட, 9,513 புற்றுநோயாளரை ஓராண்டு பின்தொடர்ந்து 2015இல் கணக்கு வெளியிட்டனர். நூற்றுக்கு 29 பேர் மாண்டனர். 48 பேருடைய குடும்பம், ஆண்டு வருமானத்தில் பத்தில் மூன்று பங்கும் அதற்கு மேலும் கைப்பணமாகச் செலவழித்துக் கவிழ்ந்தது. உயிரும் குடும்பமும் நிலைத்தோர் 23 பேரே. இதுவும் சிகிச்சையின் பக்கவிளைவேயாம். மருந்துப் புட்டியின் மேல் அச்சிடப்படாத விளைவு. அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் சிறிதென்பது உண்மையாயினும், காப்பாரிலிருந்து கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரிக்கோ, 2013 முதல் புத்ராஜெயாவில் இயங்கும் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கோ ஆறு வாரம், வாரத்தில் ஐந்து நாள், கதிர் பெறப் போய் வருவதற்கு வண்டிச் சத்தம் யார் தருவது? உடன் போகும் மகனின் நாட்கூலி என்னாவது? நம் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடும் செலவில் ஒரு வேன் வண்டியை ஓட்டலாமே என்று கேட்டால், நம்மைத் துரோகி என்பார்களோ என்னவோ.

இதிலும் ஆராய்ச்சிக்கு வேலையுண்டு. நிவோலுமாப் என்னும் புதுமருந்து ஏழைக்கு எட்டாக் கனி. டாட்டா ஆஸ்பத்திரியார், குணப்படுத்தும் கட்டத்தைத் தாண்டிய தலை கழுத்துப் புற்று நோயாளர் 151 பேரிடம், வழக்கமான அளவில் பத்திலொரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும், மலிவான மாத்திரைகளோடு சேர்த்துப் பார்த்தனர். மாத்திரை மட்டும் உண்டவர்களுள் ஓராண்டு பிழைத்தோர் நூற்றுக்கு 16.3, இதனையும் பெற்றவர்களுள் 43.4. கடுந்தொல்லையும் மிகவில்லை. மருந்தைக் குறைத்து விற்கும் வழியை மருந்துக் கம்பெனி தேடாது. ஏழைகளை நாள்தோறும் பார்க்கும் ஆஸ்பத்திரிதான் தேடும்.

கடைசியாக நம் மௌனம். நமது பெண்கள் வலியைச் சொல்வதில்லை. "பொறுத்துக்கொள்" என்று பிறந்தது முதல் ஓதி வளர்த்திருக்கின்றோம். ஆஸ்பத்திரியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், தலையை ஆட்டி "ஓகே, டாக்டர்" என்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாய்க் கஞ்சியும் விழுங்க மாட்டாமல் அழுகிறார்கள். மறு வாரம் சிகிச்சைக்கே போவதில்லை. சிகிச்சை பாதியில் நின்றது ‘பக்கவிளைவால்’ என்று ஊர் சொல்லும். சொல்லப்படாத பக்கவிளைவால் என்பதே பொருந்தும். நியூயார்க்கில் முற்றிய புற்றுநோயினர் 766 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினர் தம் வலி, குமட்டல், மூச்சிரைப்பு முதலியவற்றைத் தாமே கணினியில் பதிந்து தாதிக்குத் தெரிவிக்கச் செய்தனர். மறு பகுதியினரை வழக்கம் போல் பார்த்தனர். 2017இல் வெளியான முடிவு இது: பதிந்தவர்கள் பிழைத்திருந்த காலத்தின் நடுஅளவு 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26. புது மருந்து ஒன்றுமில்லை. தொல்லையைச் சொன்னார்கள், ஒருவர் கேட்டார், ஐந்து மாதம் கூடிற்று.

ஆகவே சொல்லும் மொழி எது என்பது உயிர்ப் பிரச்சினை. வாயில் கதிர் படுமுன் கெட்ட பல்லைப் பிடுங்குவானேன் என்பதைத் தமிழில் ஒருவர் இரண்டு நிமிடம் சொன்னால், பின்னால் பிடுங்கினால் தாடையெலும்பே ஆறாது செத்துப் போகலாம் என்பது எந்த ஆயாவுக்கும் விளங்கும். சொல்லாவிட்டால், "புற்றுக்குப் போனவளின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்" என்று ஊர் முழுதும் கதை நடக்கும். நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பத்து வயதுப் பேத்தி, ஆஸ்பத்திரியில் பாட்டிக்கு மொழிபெயர்த்தாள். "சாகும் வாய்ப்பு" என்பதைக் குழந்தை எப்படி மொழிபெயர்க்கும்? "பாட்டி, ஊசி கொஞ்சம் வலிக்கும்" என்றாள். கிழவி கையெழுத்துப் போட்டாள். ஆஸ்பத்திரியின் பெயரை நாம் சொல்லப்போவதில்லை. அது ஓர் ஆஸ்பத்திரியின் குற்றமாக மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

1941இல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்கும் இழிவின் நீக்கம் ஆகியவற்றோடு, தக்க வைத்திய வசதியும் கேட்டார்கள். துப்பாக்கிக்கு எதிரே நின்று கேட்டார்கள். இன்று துப்பாக்கியில்லை. நம் நோயாளர் கையெழுத்திடும் தாள் தமிழில் வேண்டும், அதனைப் படித்துச் சொல்ல வளர்ந்த ஆள் ஒருவர் வேண்டும், என் போன்றோர் நூறு பேரில் எத்தனை பேர் பிழைத்தனர், எத்தனை பேருக்கு என்ன தொல்லை வந்தது என்று கேட்டால் சினக்காது விடை வேண்டும் என்று எழுதிக் கேட்க, நமது சங்கங்களுக்குக் காகிதமும் பேனாவும் போதும்.

நமது அம்மையாருக்குச் சென்ற வாரம் அறுவை நடந்தது. கழுத்து நெறிகளையும் எடுத்தார்கள். கதிரும் மருந்தும் இனித்தான். தொல்லைகளை எழுத ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கின்றோம். எழுதத் தெரியாதவராகையால், மருமகள் எழுதுகிறாள். முதல் நாள் வரி: "தோள் தூக்க முடியவில்லை, கஞ்சி இறங்கிற்று."

பிரசுரக்காரரை மறந்துவிடவில்லை. அதிலிருந்த எண்ணுக்கு நாம் ஒரு கடிதம் போல நான்கு கேள்விகள் அனுப்பினோம்: தங்கள் தூளை உண்டவர் எத்தனை பேர், ஐந்தாண்டு பிழைத்தவர் எத்தனை பேர், மாண்டவர் எத்தனை பேர், இதனை எழுதி வைத்திருப்பவர் யார் என்று. மூன்றாம் நாள் பதில் வந்தது. அதே பிரசுரம்; டப்பாவுக்கு இருபது வெள்ளி குறைத்திருந்தார்.